ஆப்பில் தெரியும் பாபிலோன் வானம்: எட்மண்ட் ஹாலி முதலில் மோப்பம் பிடித்த 3 மணி நேரக் குழப்பம்

ஸ்டெல்லேரியம் மாதிரி ஒரு பிளானட்டேரியம் மென்பொருளைத் திறந்துகொள்ளுங்கள். இடம் என்ற கட்டத்தில் பாபிலோன். இன்றைய இராக்கில், பாக்தாத்துக்குத் தெற்கே இருந்த பழைய நகரம். தேதி, கி.மு. 136 ஏப்ரல் 15, காலை நேரம். சூரியன் மெல்ல மறையும். வானம் இருட்டும். வெள்ளியும் புதனும் பளிச்சென்று தெரியும்.

அன்று பாபிலோனில் இருந்த வானியலாளர்கள் இதே காட்சியைக் களிமண் பலகையில் பதிந்து வைத்திருக்கிறார்கள். சூரியன் உதித்து சுமார் ஒன்றரை மணி நேரத்தில் கிரகணம் தொடங்கியது, முழுதாக மூடியது, எந்தெந்த கிரகங்கள் தெரிந்தன என்பதுவரை அதில் உண்டு. அந்தப் பலகைகள் இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. 2,100 ஆண்டுகளுக்கு முந்தைய பலகையும் உங்கள் திரையும் ஒரே விஷயத்தைச் சொல்கின்றன.

இப்போ ஒரு சின்ன வேலை. மென்பொருளின் செட்டிங்ஸில் டெல்டா டி என்று ஒன்று இருக்கும். அதை ஆஃப் செய்துவிட்டுப் பாருங்கள். பாபிலோனின் முழு சூரிய கிரகணம் போயே போச்சு. நிலவின் நிழல் சுமார் 48.8 டிகிரி மேற்கே தள்ளி, ஸ்பெயினை ஒட்டிய மயோர்கா தீவுப் பக்கம் போய் விழும். நேரத்தில் சொன்னால் 3 மணி நேரத்துக்கும் சற்று அதிகமான பிசகு.

கிரகங்களின் கணக்கில் தப்பில்லை. அப்படியென்றால் தப்பு எங்கே? இந்தக் கேள்விக்கான முதல் துப்பைக் கொடுத்தவர் எட்மண்ட் ஹாலி. ஆமாம், வால்நட்சத்திரத்துக்குப் பெயர் கொடுத்த அதே ஹாலிதான்.

டிகிரி முடிக்காமல் கப்பல் ஏறிய பையன்

ஹாலி 1656-ல் லண்டன் அருகே ஹாகர்ஸ்டனில் பிறந்தார். அப்பா சோப்பு வியாபாரி, நல்ல வசதி. ஆக்ஸ்போர்டில் படித்துக்கொண்டிருந்த மகன், 20 வயதில் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலில் ஏறி, தென் அட்லாண்டிக்கில் இருக்கும் செயின்ட் ஹெலினா தீவுக்குப் போனார். ஐரோப்பாவிலிருந்து பார்க்க முடியாத தெற்கு வானத்தை அளக்க வேண்டும் என்பதுதான் திட்டம். தீவில் பாதி நாள் மேகம். ஆனாலும் 341 நட்சத்திரங்களின் இடத்தைக் குறித்துக்கொண்டு திரும்பினார். பரீட்சை எழுதாத அவருக்கு அரசர் இரண்டாம் சார்லஸின் உத்தரவின் பேரில் பட்டம் கிடைத்தது. 22 வயதில் ராயல் சொசைட்டி உறுப்பினர்.

1684-ல் அவருடைய அப்பா திடீரென்று காணாமல் போய், சில வாரங்கள் கழித்துப் பிணமாகக் கிடைத்தார். சொத்து விவகாரமும் சேர்ந்துகொண்டது. அதே ஆண்டு ஆகஸ்டில்தான் கேம்பிரிட்ஜில் நியூட்டனைப் போய்ப் பார்த்து, கிரகங்களின் பாதை பற்றி ஒரு கேள்வி கேட்டார். அந்தச் சந்திப்பின் விளைவு, 1687-ல் வந்த பிரின்சிபியா என்ற புத்தகம். அச்சுச் செலவு ஹாலி கைக்காசு. ராயல் சொசைட்டி அதற்கு முன்பு மீன்கள் பற்றிய ஒரு பிரமாண்டப் புத்தகத்தை அச்சடித்துக் கையைச் சுட்டுக்கொண்டிருந்தது. விற்காமல் கிடந்த அந்த மீன் புத்தகத்தின் 50 பிரதிகளைத்தான் ஹாலிக்குச் சம்பளத்துக்குப் பதிலாகக் கொடுத்தார்கள். நியூட்டனின் புத்தகத்துக்குக் காசு போட்ட மனிதருக்குக் கிடைத்தது மீன் புத்தகம்!

பாலைவன நகரம் பற்றிய கட்டுரையில் ஒரு நிலவுக் குறிப்பு

1691-ல் ஆக்ஸ்போர்டு பேராசிரியர் பதவி அவர் கைக்கு எட்டவில்லை. மத நம்பிக்கை இல்லாதவர் என்ற சந்தேகம் ஒரு காரணம். அந்தக் காலத்தில் ஹாலியின் கவனம் பழைய பதிவுகள் பக்கம் திரும்பியிருந்தது. கிரேக்கரும் அரேபியரும் எழுதி வைத்த கிரகண நேரங்களை எடுத்து, இன்றைய நிலவின் வேகத்தை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டுப் பார்த்தார்.

கணக்கு ஒட்டவில்லை.

இடையில் இருந்த ஒரு சாட்சி முக்கியமானது. 9-ம் நூற்றாண்டில் சிரியாவின் ரக்கா நகரில் வாழ்ந்த அல்-பத்தானி என்ற வானியலாளர், தான் பார்த்த கிரகணங்களைக் குறித்து வைத்திருந்தார். பழங்காலம், 9-ம் நூற்றாண்டு, தன் காலம் என்று மூன்றையும் ஒப்பிட்டபோது, நிலவு கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூட்டிக்கொண்டே வருவதுபோல ஹாலிக்குத் தெரிந்தது.

1695-ல் இதை வெளியே சொன்னார். சொன்ன இடம்தான் விசித்திரம். சிரியப் பாலைவனத்தில் இருக்கும் பால்மைரா நகரின் பழைய கல்வெட்டுகள் பற்றிய கட்டுரையின் கடைசியில் போகிறபோக்கில் ஒரு குறிப்பு. பாக்தாத், அலெப்போ, அலெக்சாண்ட்ரியா ஆகிய ஊர்களின் தீர்க்கரேகையை யாராவது போய்ச் சரியாக அளந்து கொடுத்தால் இதை நிரூபித்துவிடலாம் என்று கேட்டுக்கொண்டார். ஊர் எங்கே இருக்கிறது என்று துல்லியமாகத் தெரியாமல், அங்கே எத்தனை மணிக்கு கிரகணம் என்பதை எப்படிச் சரிபார்ப்பது?

ஹாலி அத்தோடு விட்டுவிடவில்லை. பின்னாளில், 40 வயதைத் தாண்டி அரபு மொழி கற்றுக்கொண்டு, கிரேக்க மூலம் தொலைந்துபோன ஒரு கணித நூலை அரபுப் பிரதியிலிருந்து லத்தீனுக்குக் கொண்டுவந்தார். 18 ஆண்டு, 11 நாள் சொச்சத்தில் கிரகணங்கள் திரும்ப வரும் பாபிலோனியச் சுழற்சிக்கு சாரோஸ் என்ற பெயர் நிலைத்ததற்கும் அவரே காரணம். அந்தப் பெயர்கூட ஒரு பழைய அகராதியைத் தப்பாகப் புரிந்துகொண்டு வைத்ததுதான். ஆனால் இன்றுவரை மாறவில்லை.

வேகம் கூட்டியது யார்?

ஹாலி இறந்து ஏழு ஆண்டுகள் கழித்து, 1749-ல் ரிச்சர்ட் டன்தோர்ன் என்பவர் பழைய கிரகணங்களை வைத்து இந்த வேக மாற்றத்துக்கு ஓர் எண்ணைக் கொடுத்தார். ஹாலி சொன்னது சரி என்று ஆனது. ஆனால் காரணம்? 1787-ல் லாப்லாஸ் ஒரு விளக்கம் சொன்னார். பூமியின் பாதை மெல்ல வடிவம் மாறுவதால் நிலவும் பாதிக்கப்படுகிறது என்று. எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். 1853-ல் ஜான் கவுச் ஆடம்ஸ் அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டு, அது பாதியைத்தான் விளக்குகிறது என்று காட்டினார். பெரிய சண்டையே நடந்தது. மிச்சப் பாதிக்குப் பதில் 1860-களில் கிடைத்தது. நிலவு இழுக்கும் கடல் அலைகளின் உரசல், பூமியின் சுழற்சிக்கு பிரேக் போடுகிறது.

அதாவது, மீதிக் குற்றவாளி நம் கடிகாரம். நாள் என்பதைப் பூமி ஒரு சுற்று சுற்றும் நேரமாக வைத்துத்தான் ஹாலி உட்பட எல்லோரும் கணக்குப் போட்டார்கள். அந்தப் பூமியே மெதுவாகிக்கொண்டிருக்கிறது. ஓடும் கடிகாரம் மெதுவானால், எதிரே போகும் பஸ் வேகமாகப் போவதுபோலத்தானே தெரியும்? உண்மையில் இதே அலைகளால் நிலவும் தன் பாதையில் வேகம் குறைந்துகொண்டுதான் வருகிறது. அப்போலோ வீரர்கள் வைத்துவிட்டு வந்த கண்ணாடிகளில் லேசர் அடித்துப் பார்த்ததில், ஆண்டுக்கு சுமார் 3.8 செ.மீ. விலகிப் போவதும் தெரிகிறது.

பூமி எவ்வளவு மெதுவாகிறது? ஒரு நூற்றாண்டுக்கு ஒரு நாளின் நீளம் சுமார் 1.8 மில்லி விநாடி கூடுகிறது. ப்பூ, இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் 2,000 ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் இன்றைக்கு இருப்பதைவிட சுமார் 0.03 விநாடி குறைவு. இப்படி ஏழு லட்சம் நாள்களின் சில்லறையைச் சேர்த்துக்கொண்டே வந்தால் கி.பி. 1-க்கு ஏறக்குறைய 3 மணி நேரம் ஆகிவிடுகிறது. கி.மு. 500-க்கு நாலே முக்கால் மணி நேரம். சீரான நேரத்துக்கும் பூமியின் சுழற்சி காட்டும் நேரத்துக்கும் உள்ள இந்த இடைவெளிக்குத்தான் டெல்டா டி என்று பெயர்.

அப்போ ஆப்பில் கிரகங்கள் சரியா?

கிரகங்கள் விஷயத்தில் தைரியமாக இருக்கலாம். ஸ்டெல்லேரியம் வழக்கமாகப் பயன்படுத்தும் விஎஸ்ஓபி87 என்ற கணக்குமுறை, புதன் முதல் செவ்வாய் வரை 2000-ம் ஆண்டுக்கு முன்னும் பின்னும் 4,000 ஆண்டுகளுக்கு ஒரு ஆர்க் செகண்ட் துல்லியம் தருகிறது. முழுநிலவின் அகலத்தை 1,800 பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு. வியாழன், சனிக்கு இந்த உத்தரவாதம் 2,000 ஆண்டுகளுக்குத்தான். அதைத் தாண்டினாலும் பிழை மெதுவாகவே ஏறும். இன்னும் பழைய காலத்துக்கு, நாசாவின் ஜேபிஎல் தயாரித்த டிஇ441 கோப்பைச் சேர்த்துக்கொண்டால் கி.மு. 13-வது ஆயிரம்வரை போகலாம்.

வியாழன், சனிக்கு மட்டும் ஏன் கெடு குறைவு? இந்த ஜோடி ஹாலியையும் படுத்தியிருக்கிறது. பழைய அளவுகளோடு ஒப்பிட்டால் வியாழன் வேகமாகவும் சனி மெதுவாகவும் போவதுபோல இருந்தது. ஹாலி தன் அட்டவணைகளில் அதற்கென்று திருத்தம் சேர்த்தார். இரண்டும் ஒன்றையொன்று இழுப்பதால், சுமார் 900 ஆண்டுகளில் ஏறி இறங்கும் ஊசலாட்டம் இது என்று லாப்லாஸ் 1785-ல்தான் கண்டுபிடித்தார். அட்டவணை ஒன்று சொல்ல, வானம் வேறு சொல்வது நமக்கும் பழகிய விஷயம்தான். திருக்கணிதப்படி 2025 மார்ச்சில் நடந்த சனிப்பெயர்ச்சிக்கு, வாக்கியப் பஞ்சாங்கம் குறித்திருப்பது 2026 மார்ச்!

நட்சத்திரங்களும் நகர்கின்றன என்பதையும் ஹாலிதான் 1718-ல் சொன்னார். அதுவரை நட்சத்திரங்கள் ஆணி அடித்தாற்போல நிற்பவை என்றே நம்பிக்கை. டாலமியின் பழைய பட்டியலோடு ஒப்பிட்டபோது சிரியஸ், ஆல்டிபரான், ஆர்க்டரஸ் மூன்றும் இடம் மாறியிருந்தன. பின்னவை இரண்டும் நமக்கு ரோகிணி, சுவாதி. சுவாதி 2,000 ஆண்டுகளில் முழுநிலவின் அகலத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் நகர்ந்துவிடுகிறது. பழைய வானத்தைக் காட்டும் எந்த மென்பொருளும் இதைச் சேர்த்தே ஆக வேண்டும்.

சிக்கல், கிரகணம், நிலவு, எத்தனை மணிக்கு உதயம் என்று பூமியின் சுழற்சியோடு ஒட்டிய கேள்விகளில்தான். டெல்டா டி-யை எந்தச் சூத்திரத்தாலும் வெறுமனே கணித்துவிட முடியாது. பூமி ஒரே சீராக மெதுவாவதில்லை. பனிக்காலத்துப் பனிப்பாறைகள் உருகிய பிறகு நிலம் மேலெழுவது, பூமியின் உள்மையம் என்று பல காரணங்கள் குறுக்கே வருகின்றன. எனவே பழைய கிரகணப் பதிவுகளிலிருந்துதான் அதை அளந்து எடுக்க வேண்டும். ஹாலி 1695-ல் செய்த அதே வேலை. ரிச்சர்ட் ஸ்டீபன்சனும் அவருடன் சேர்ந்தவர்களும் பாபிலோன், சீனா, கிரேக்க, அரபுப் பதிவுகளைச் சலித்து 2016-ல் வெளியிட்ட ஆய்வு, கி.மு. 720 வரை போகிறது. அதற்கு முன்னால் நம்பகமான நேரக்குறிப்புகள் கிடையாது. ஆகவே அதற்கு முந்தைய டெல்டா டி எல்லாம் கோட்டை நீட்டிப் போட்ட ஊகம்.

இங்கேதான் நம் ஊர் விவகாரமும் வருகிறது. மகாபாரதப் போரின் தேதியைப் பிளானட்டேரியம் மென்பொருள் வைத்துக் கண்டுபிடித்துவிட்டதாக ஒருவர் கி.மு. 3067 என்கிறார், இன்னொருவர் கி.மு. 5561 என்கிறார். இடைவெளி கிட்டத்தட்ட 2,500 ஆண்டுகள். வழக்கமான சூத்திரப்படி கி.மு. 3067-க்கு டெல்டா டி சுமார் 21 மணி நேரம். கி.மு. 5561-க்கு ஏறக்குறைய இரண்டு நாள். மாற்றுச் சூத்திரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் இது மணிக்கணக்கில் மாறும். நிலவு ஒரு நாளைக்கு ஒரு நட்சத்திரம் தாண்டுகிறது என்பது காலண்டர் கிழிக்கும் எல்லோருக்கும் தெரியும். சனி ஒரு நாளில் நகர்வது கண்ணுக்கே தெரியாது. ஆகவே சனி எந்த நட்சத்திரத்தில் இருந்தது என்ற கேள்விக்கு மென்பொருள் சொல்லும் பதிலை நம்பலாம், அன்று குருக்ஷேத்திரத்தில் கிரகணம் தெரிந்ததா என்ற கேள்விக்கு நம்ப முடியாது. திரை இரண்டையும் ஒரே மாதிரி, நிமிடம், விநாடி சுத்தமாகக் காட்டும். பிழை எவ்வளவு இருக்கலாம் என்று பக்கத்தில் போடாது.

இன்னொரு பொறியும் இருக்கிறது. வானியல் கணக்கில் 0 என்று ஓர் ஆண்டு உண்டு. அதனால் கி.மு. 136-ஐ மைனஸ் 135 என்று கொடுக்க வேண்டும். மைனஸ் 136 என்று கொடுத்துவிட்டு, கிரகணத்தைக் காணோமே என்று தேடியவர்கள் நிறைய.

புதுச்சேரி வரை வந்த கணக்கு

ஹாலியின் கணக்குகள் காகிதத்தோடு நிற்கவில்லை. 1715-ல் இங்கிலாந்தின் மேல் விழப்போகும் முழு சூரிய கிரகணத்தின் பாதையை மேப் போட்டு, முன்கூட்டியே விற்பனைக்கு விட்டார். நேரத்தில் பிழை சுமார் 4 நிமிடம்தான். 1716-ல் எழுதிய இன்னொரு கட்டுரையில், 1761-ல் வெள்ளி சூரியனைக் கடக்கும்போது உலகின் பல இடங்களிலிருந்து அளந்தால் சூரியனின் தூரத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்றார். இடங்களின் பட்டியலில் சென்னையும் புதுச்சேரியும் இருந்தன. அது நடக்கும்போது தான் உயிரோடு இருக்கப்போவதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

அவர் பேச்சைக் கேட்டு, பிரான்ஸிலிருந்து புதுச்சேரிக்குப் புறப்பட்டவர் லெ ஜென்டில். வந்து சேர்வதற்குள் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. ஆடும் கப்பலில் இருந்து பார்த்த 1761 காட்சியால் பிரயோஜனமில்லை. அடுத்த கடப்புக்காக எட்டு ஆண்டு காத்திருந்து, 1769 ஜூனில் புதுச்சேரியில் தொலைநோக்கியோடு உட்கார்ந்தார். மேகம் மூடிவிட்டது. பாவம். ஆனால் காத்திருந்த நாள்களில் இங்கிருந்த தமிழ்ப் பஞ்சாங்கக் கணக்கர்களிடம் கிரகணம் கணிக்கக் கற்றுக்கொண்டார். 1765-ல் நடந்த ஒரு சந்திர கிரகணத்தின் கால அளவில் தமிழ்க் கணக்கின் பிழை ஒரு நிமிடத்துக்கும் குறைவு. ஐரோப்பாவின் சிறந்த அட்டவணையின் பிழை ஒரு நிமிடத்துக்கு மேல்.

65 வயதில் தொடங்கிய 18 ஆண்டு வேலை

1720-ல் கிரீன்விச் வானாய்வகத்தின் தலைமைப் பொறுப்பு ஹாலிக்கு வந்தது. அவருக்கு முன் அங்கே இருந்தவர் ஃபிளாம்ஸ்டீட். ஃபிளாம்ஸ்டீட்டின் நட்சத்திரப் பட்டியலை அவர் சம்மதம் இல்லாமல் 1712-ல் வெளியிட்டதில் ஹாலிக்கும் பங்கு உண்டு. அந்த மனிதர் கையில் கிடைத்த 300 பிரதிகளைத் தீ வைத்துக் கொளுத்தியிருந்தார். ஃபிளாம்ஸ்டீட் பக்கம்தான் நியாயம் என்று தோன்றுவது இயல்பு. அவர் மறைந்த பிறகு கருவிகளை மனைவி எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஹாலி காலி அறைக்குள்தான் நுழைந்தார்.

புதிய கருவிகளை வாங்கி, 1722-ல் நிலவைத் தொடர்ந்து அளக்க ஆரம்பித்தார். ஒரு முழு சாரோஸ் சுழற்சி, அதாவது 18 ஆண்டுகள். அப்போது அவருக்கு வயது 65. முடித்தும் காட்டினார். 1742 ஜனவரியில், 85 வயதில் இறந்தார். கிரகங்களுக்கும் நிலவுக்கும் அவர் போட்ட அட்டவணைகள் 1749-ல்தான் வெளிவந்தன.

1531, 1607, 1682-ல் வந்தது ஒரே வால்நட்சத்திரம், 1758 இறுதியில் திரும்ப வரும் என்று 1705-ல் அவர் சொன்னது எல்லோருக்கும் தெரிந்த கதை. 1758 கிறிஸ்துமஸ் இரவில் ஜெர்மனியின் பாலிட்ஸ் என்ற விவசாயி அதைப் பார்த்தார். 1985-ல், பிரிட்டிஷ் மியூசியத்தின் பாபிலோனியப் பலகைகளில் கி.மு. 164-ல் வந்ததும் அதே வால்நட்சத்திரம்தான் என்று அடையாளம் கண்டார்கள்.

ஆனால் பெரும்பாலான ஆப்களில் கி.மு. 164-க்குப் போனால் ஹாலியின் வால்நட்சத்திரம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. ஒவ்வொரு சுற்றிலும் வியாழனும் மற்ற கிரகங்களும் அதை இழுத்துப் பாதையை மாற்றுகின்றன. ஆப்களோ இன்றைய பாதையை அப்படியே பின்னோக்கி நீட்டிவிடுகின்றன. ஒவ்வொரு சுற்றையும் தனித்தனியாகக் கணக்கிட்டு, கி.பி. 837 போன்ற ஆண்டுகளின் பழைய பதிவுகளோடு பொருத்தி, கி.மு. 1404 வரை பின்னால் போன ஆய்வு 1981-ல் வந்தது.

முன்னால் போவதற்கும் கிரகங்களின் இந்த இழுப்பைக் கணக்கில் சேர்க்க வேண்டும். 2023 டிசம்பரில் அது சூரியனிலிருந்து மிகத் தொலைவான முனையைத் தொட்டுத் திரும்பிவிட்டது. 2061 ஜூலை இறுதியில் சூரியனைச் சுற்ற வரும்.